பின்னால் வந்த வண்டி

சித்தேரிப்பட்டி,
திருச்சுழி வழி.
18.8.2024

அன்பு மகள் துர்காதேவிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். கோயம்புத்தூரில் உன் உடம்பு எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

அப்பாவுக்கு யார் எழுதிக் கொடுத்தது என்று நீ இந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாய். யாரும் இல்லை, நானேதான். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. சுபத்ரா என்ற பிள்ளை வந்து சொல்லிக் கொடுக்கிறது. காலமெல்லாம் விறகை அடுக்கிக் கரிமூட்டம் போட்ட கைக்குப் பேனா வழுக்குகிறது. ஒரு வரி முடிப்பதற்குள் வேர்த்துவிடுகிறது. ஆனால் எழுதியது அப்படியே நிற்கிறது பார். நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலும் அங்கேயே இருக்கிறது. இதில் எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

போன வாரம் கண்ணாடி வாங்க அருப்புக்கோட்டை போனேன். திரும்பும்போது யாரையும் கேட்காமல் போர்டைப் படித்தே பஸ் ஏறினேன். கண்டக்டரிடம், இது திருச்சுழி வண்டி என்று நானாகவே சொன்னேன். "அது எனக்கும் தெரியும் பெருசு, உள்ள போங்க" என்றார்.

போனில் பேசினால் நமக்குள் சண்டைதான் வருகிறது. கடைசியாகப் பேசியபோது நான் சத்தம் போட்டேன், நீ வைத்துவிட்டாய். அதன் பிறகு அம்மாவிடம் மட்டும்தான் பேசுகிறாய். கடிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை. கோபமாக ஆரம்பித்தாலும் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் ஆறிப்போகிறது.

ஆறினாலும் பயம் போகவில்லை. ஊருக்கு ஊர் சுவரில் இளவட்டப் பிள்ளைகளின் படம் போட்டுப் பெரிய பெரிய போஸ்டர் ஒட்டியிருக்கும் அல்லவா? பூ மாலை, பளபளப்பு எல்லாம் பார்த்து, அவை கல்யாணப் போஸ்டர் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். இப்போது படிக்கிறேன். பாதிக்குப் பாதி கண்ணீர் அஞ்சலி. எல்லாம் உன் வயது. ரோட்டில் போனவர்கள்.

அந்தச் சைக்கிள் பந்தயம் வேண்டாம் அம்மா.

இப்படிக்கு,
உன் அப்பா உக்கிரபாண்டி
(கையெழுத்தும் நானே போட்டது)

*

கோயம்புத்தூர்,
2.9.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் இருமல் குறைந்ததா? அம்மாவின் கால் வீக்கம் எப்படி?

உங்கள் கடிதத்தைப் பம்பு கம்பெனிக்கும் எடுத்துப் போனேன். எங்கள் சோதனைப் பிரிவில் எல்லோரும் வாங்கிப் பார்த்தார்கள். எங்கப்பா எழுதியது என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். கண்டக்டர் கதையைப் படித்து ஹாஸ்டலே சிரித்தது.

போனில் நீங்கள் கேட்க விடவில்லை, அதனால் இங்கே சொல்கிறேன். தை நடுவில் வால்பாறை மலையில் தொடங்கும். மலை இறங்கி, காட்டுப் பாதை, கரிசல், கண்மாய்க்கரை, தேரிச் செம்மணல் மேடு, கடற்கரை என்று போய்க் கன்னியாகுமரியில் முடியும். ஆறு நாள் கெடு. நல்ல ரோடும் வரும், ரோடே இல்லாத இடமும் வரும். துணைக்கு வண்டி வராது. சாப்பாடு, துணி, பஞ்சர் சாமான் எல்லாம் சைக்கிளிலேயே கட்டிக்கொள்ள வேண்டும். கடையில் எல்லோரையும் போலக் காசு கொடுத்து வாங்கலாம். தெரிந்தவர் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தால்கூட ஆட்டத்திலிருந்து நீக்கிவிடுவார்கள்.

ஏன் போகிறேன் என்று நீங்கள் கேட்கவே இல்லை அப்பா. பள்ளிக்கூடத்துக்கு மாமா கொண்டுபோய் விட்டார். காலேஜ் பஸ்ஸுக்கு நீங்கள் வந்து நின்றீர்கள். இந்த வேலைக்கு வந்த அன்று அம்மா கூட வந்து, கம்பெனி கேட்டில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். எனக்கு இருபத்தேழு வயதாகிறது. யாரும் பின்னால் இல்லாமல் ஓர் இடத்துக்கு நானாகப் போய்ச் சேர்ந்ததே இல்லை. ஒரு முறை சேர்ந்து பார்க்க வேண்டும்.

நான் காசு கேட்கவில்லை, உதவி கேட்கவில்லை. நம் வீட்டில் முக்குக் கடைக்குச் சீனி வாங்கக் கிளம்பினால்கூடப் 'போயிட்டு வா' என்பீர்கள். அந்த ஒரு வார்த்தைதான் கேட்டேன். அதற்குத்தான் சத்தம் போட்டீர்கள்.

நிறைய எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
துர்கா

*

சித்தேரிப்பட்டி,
20.9.2024

அன்பு மகள் துர்காவுக்கு அப்பா. இருமல் இருக்கிறது, பழகிய இருமல்தான். அம்மா கால் வீக்கம் வடிந்து, நேற்று என்னை விரட்டி விரட்டி வேலை வாங்கினாள். சைக்கிள் மிதிக்கிற உன் முழங்கால் சுகமா?

உன் கடிதத்தை நானே படித்தேன். ஒரு நாள் முழுக்க ஆனது. கன்னியாகுமரி என்ற வார்த்தையைக் கண்டுபிடித்ததும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அம்புட்டுத் தொலைவாங்க போறா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். படிக்காமல் இருந்திருக்கலாம்.

உண்மையாகவே சில சமயம் அப்படித் தோன்றுகிறது. காரியாபட்டிக்குப் போகிற ரோட்டில் மஞ்சள் பலகை ஒன்று நிற்கும். அதன் நிழலில் எத்தனையோ முறை வெற்றிலை போட்டிருக்கிறேன். நேற்றுத்தான் படித்தேன், விபத்துப் பகுதி என்று போட்டிருக்கிறது. எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்தேன். எழுத்துத் தெரிந்த நாளாக ஊரெல்லாம் எனக்கு எச்சரிக்கை சொல்கிறது.

நீ ராத்திரி எங்கே படுப்பாய்? நாய் விரட்டினால் என்ன செய்வாய்? நம் பக்கம் சீமைக்கருவேலம் வெட்டுகிறவர்கள் கிளையைக் கண்மாய்க்கரையிலேயே கழித்துப் போடுவார்கள். நானும் போட்டிருக்கிறேன். அந்த முள் செருப்பைத் தாண்டிக் காலில் ஏறும். உன் டயர் என்ன ஆகும்? ஆள் ஒருவன் வழி மறித்தால்?

அந்த வார்த்தையை நான் சொல்ல மாட்டேன் துர்கா. அது என் வாயிலிருந்து வந்தால் உன்னை நான் அனுப்பியதாக ஆகிவிடும். நாளைக்கு ஏதாவது ஒன்று ஆனால், அனுப்பிய வாயை வைத்துக்கொண்டு நான் எப்படிச் சோறு தின்பேன்?

சுபத்ரா என் எழுத்தைப் பார்த்து வரி நேராக வருகிறது என்றது.

உன் அப்பா,
உக்கிரபாண்டி

*

கோயம்புத்தூர்,
6.10.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் முழங்காலும் சுகம். அம்மா உட்கார்ந்துவிட்டாள் என்று எழுதியிருந்தீர்கள். எழுந்துவிட்டாளா?

உங்கள் கேள்விக்கெல்லாம் பதில் இருக்கிறது. பஸ் நிறுத்தத்தில் படுப்பேன், கோயில் வாசலில் படுப்பேன், பெட்ரோல் பங்கில் கேட்டுப் படுப்பேன். பை ஒன்று இருக்கிறது, சுருட்டினால் சுரைக்காய் அளவுதான், விரித்தால் உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளலாம். நாய் விரட்டினால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடப்பேன். டயருக்குள் பால் மாதிரி ஒரு பசை ஊற்றியிருக்கிறேன். முள் குத்தினால் ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும். ஒன்றிரண்டு முள்ளுக்குத் தாங்கும். கையில் ஒரு சின்னக் கருவி இருக்கும். நான் இருக்கும் இடம் அம்மா போனில் புள்ளியாகத் தெரியும். அதில் ஆபத்துப் பொத்தானும் உண்டு. அழுத்தினால் ஆட்கள் வருவார்கள், அதோடு என் ஓட்டமும் முடிந்தது.

பாதை அறிவித்துவிட்டார்கள் அப்பா. மல்லாங்கிணறு, காரியாபட்டி, திருச்சுழி, நரிக்குடி. நம் பக்கத்துக்கு நாலாம் நாள் சாயங்காலம் வருவேன் என்று கணக்குப் போட்டிருக்கிறேன்.

நீங்கள் ரோட்டில் நின்று பார்க்கலாம். தண்ணீர் நீட்டக் கூடாது. என் உதடு எப்படிக் காய்ந்திருந்தாலும் நீட்டக் கூடாது. கூட வரக் கூடாது, ஆள் அனுப்பக் கூடாது, புள்ளி நின்றால் தேடக் கூடாது, நான் தூங்குவேன். இதற்குச் சரி என்று நீங்கள் எழுத்தில் தர வேண்டும். போனில் சொன்னால் நம்ப மாட்டேன்.

உங்கள் மகள்,
துர்கா

*

கோயம்புத்தூர்,
1.12.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்களும் அம்மாவும் மழைக்குப் பத்திரமாக இருங்கள்.

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபிக்க வேண்டாம். வேலை அதிகம். தீபாவளிக்கும் வர முடியவில்லை, பொங்கலுக்கும் வர மாட்டேன்.

'சரி. அப்பா.' என்று நீங்கள் போட்ட கார்டு அப்போதே வந்துவிட்டது. அதைச் சைக்கிளின் முன் பையில் வைத்திருக்கிறேன்.

இப்போது விடிந்த பிறகுதான் ஓட்டப் போகிறேன். பொழுது சாய்வதற்குள் அறைக்கு வந்துவிடுகிறேன். வேறு விசேஷம் இல்லை.

துர்கா

*

சித்தேரிப்பட்டி,
19.1.2025

நரிக்குடியில் இருக்கும் மைத்துனன் சீனிச்சாமிக்கு உக்கிரபாண்டி எழுதுவது. இங்கே நானும் உன் அக்காளும் சுகம். உன் ஆடுகள் மழைக்குத் தப்பினவா?

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைக்காதே. போன் உன் அக்காள் கையில் இருக்கிறது. அவளுக்குத் தெரியாமல் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். எழுதப் படித்ததில் இப்படியும் ஒரு லாபம்.

துர்கா சைக்கிளில் வருவது உனக்குத் தெரியும். ஐப்பசியில் ஒரு நாள் கோயம்புத்தூர்ப் பக்கம் ஓட்டிப் பழகும்போது, மோட்டார் சைக்கிளில் ரெண்டு பயல்கள் அவள் பின்னாலேயே வந்திருக்கிறார்கள். பிள்ளை செங்கல் காளவாசலுக்குள் சைக்கிளை விட்டு, அங்கே வேலை பார்த்த பெண்களோடு நின்றுகொண்டது. அவன்கள் போய்விட்டான்கள். அம்மாவிடம் சொல்லி அழுதிருக்கிறாள். எனக்கு எழுதவில்லை. எனக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியாது.

அந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை மாப்பிள்ளை. திருச்சுழியைத் தாண்டினால் நரிக்குடி வரை கருவேலங்காடும் கண்மாய்க்கரையும்தான். பொழுது சாயும் நேரம். நம் ஆள் ஒருவன் பின்னால் இருந்தால் வேறு ஆள் பின்னால் வர மாட்டான்.

நான் ஆள் அனுப்ப மாட்டேன் என்று கார்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் நீ ஆள் இல்லை, தாய்மாமன். உனக்கு உரிமை இருக்கிறது. ஆகவே நீ போ. துணைக்கு உன் கூட்டாளி அழகுராஜாவைக் கூட்டிக்கொள். உன் வண்டியில் போகாதே, அதன் சத்தம் அவளுக்குத் தெரியும். விறகு லோடு ஏற்றுகிறவர்களிடம் வேறு வண்டி வாங்கிக்கொள். துண்டால் முகத்தைக் கட்டிக்கொள். லைட்டைப் போடாதே. கிட்டே போகாதே, விட்டுவிடவும் செய்யாதே. அவள் நின்றால் நீயும் நில். என்ன ஆனாலும் பேர் சொல்லிக் கூப்பிடாதே. மாமன் என்று தெரிந்தால் அவள் ஓட்டம் போய்விடும்.

படித்ததும் கிழித்துவிடு.

மச்சான்,
உக்கிரபாண்டி

*

நரிக்குடி,
6.2.2025

மச்சான் அவர்களுக்குச் சீனிச்சாமி. அக்காவும் நீங்களும் சௌக்கியம் என்று நம்புகிறேன். எனக்கு மனசு சௌக்கியம் இல்லை.

போன் போட்டால் அக்கா எடுக்கும், என் குரலைக் கேட்டே கண்டுபிடித்துவிடும். அதனால் எட்டாம் வகுப்புக்குப் பிறகு இப்போதுதான் பேனா பிடிக்கிறேன்.

நீங்கள் சொன்னது ஒன்றுவிடாமல் செய்தோம். நீங்கள் ரோட்டோரம் நின்றீர்கள், நாங்கள் டீக்கடைக்குப் பின்னால் நின்றோம். பிள்ளை கடையில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பியது. நாங்களும் கிளம்பினோம். கண்மாய்க்கரையில் ஏறியதும் திரும்பிப் பார்த்தது. வேகமாக மிதித்தது. நாங்களும் வேகமாகப் போனோம், விட்டுவிடக் கூடாது என்று சொல்லியிருந்தீர்களே. மறுபடி திரும்பிப் பார்த்தது. அப்புறம் சைக்கிளோடு கரையிலிருந்து இறங்கி முள்ளுக்குள் பாய்ந்துவிட்டது.

அழகுராஜா, "பேரச் சொல்லிக் கூப்பிடுவோம்ணே" என்றான். மச்சான் கூடாது என்றார் என்று நான் தடுத்தேன். டார்ச் அடித்துத் தேடினோம். "ஏம்மா, பயப்படாத, வெளிய வா, ஒன்னும் பண்ண மாட்டோம்" என்று நான்தான் கூப்பிட்டேன். மச்சான், இதை எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது. கெட்ட பயல்களும் அப்படித்தானே கூப்பிடுவார்கள்?

சத்தமே இல்லை. ரொம்ப நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டோம். விடிந்த பிறகு போய்ப் பார்த்தேன். முள்ளில் துணிக் கிழிசல் கிடந்தது. சைக்கிள் தடம் கரை ஏறிச் சாயல்குடிப் பக்கம் போயிருந்தது. தடத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

நான் தூக்கி வளர்த்த பிள்ளை என்னைப் பார்த்து முள்ளுக்குள் பாய்கிறது மச்சான். இதைக் கிழிக்க வேண்டாம்.

சீனிச்சாமி

*

கோயம்புத்தூர்,
18.2.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உடம்பில் கீறல்கள் காய்ந்து வருகின்றன. உள்ளங்கையில் ஒரு முள் முனை மட்டும் எடுக்க வரவில்லை. நீங்களும் அம்மாவும் நன்றாக இருக்கிறீர்களா?

கன்னியாகுமரி போய்ச் சேர்ந்தேன் அப்பா. கெடு முடிவதற்குச் சற்று முன்பு. நிறையப் பேர் பாதியில் நின்றுவிட்டார்கள். சேர்ந்ததும் குதிப்பேன் என்று நினைத்திருந்தேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன்.

திருச்சுழியில் உங்களைப் பார்த்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அம்மன் கோயில் பூசாரி மாதிரி நின்றீர்கள். என் உதட்டைத்தான் பார்த்தீர்கள். தண்ணீர் நீட்டவில்லை. எங்கப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷம் கண்மாய்க்கரை வரைதான்.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம். ரெண்டு பேர் பின்னால் வந்தார்கள். முகத்தைத் துண்டால் கட்டியிருந்தார்கள். இருட்டிக்கொண்டு வருகிறது, வண்டியில் லைட் போடவில்லை. நான் மெதுவாகப் போனால் மெதுவாக வந்தார்கள், வேகமாகப் போனால் வேகமாக வந்தார்கள். கருவேலங்காட்டுக்குள் பாய்ந்து, சைக்கிளைப் படுக்கப் போட்டு அதன் மேலேயே படுத்துக்கொண்டேன். டார்ச் அடித்துத் தேடினார்கள். பயப்படாதே, வெளியே வா என்று ஒருவன் கூப்பிட்டான். கெட்டியான துணிக்கு உள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது அந்தக் குரல். ஆபத்துப் பொத்தானின் மேல் கட்டைவிரலை வைத்தபடி மூச்சை அடக்கிக் கிடந்தேன். அழுத்தினால் பொத்தானில் ஒரு வெளிச்சம் வரும், அதைப் பார்த்துவிடுவார்கள் என்றுதான் அழுத்தவில்லை. பந்தயம் எனக்கு ஞாபகத்தில்கூட இல்லை.

விடியும் வரை நகரவில்லை. ரெண்டு டயரும் முள்ளாகிப் பசை எல்லாம் வழிந்துவிட்டது. அடைத்துக் காற்றடித்துக் கிளம்பினேன். உங்கள் கார்டு இருந்த பை கிழிந்திருந்தது. கார்டு போய்விட்டது.

ஐப்பசியிலும் இப்படி ஒன்று நடந்தது. உங்களுக்குச் சொல்லவில்லை, மன்னியுங்கள். அது ஒரு முறை, ஏதோ என்று தேற்றிக்கொண்டேன். நம் ஊர்ப் பக்கத்திலேயே, உங்களைப் பார்த்துவிட்டு வந்த கொஞ்ச நேரத்திலேயே நடக்கிறது என்றால், எங்கேயும் நடக்கும் என்றுதானே அர்த்தம்?

நீங்கள் சொன்னது சரி அப்பா. பின்னால் வண்டிச் சத்தம் கேட்டால் இப்போது என் கால் ஓடவில்லை. கம்பெனி பஸ்ஸிலிருந்து ஹாஸ்டல் வரைக்கும் நடக்க முடியாமல் ஆட்டோவில் போகிறேன். ஹாஸ்டல் தோழி பிரவீணா சைக்கிளை விலைக்குக் கேட்டிருக்கிறாள். பங்குனிக் கடைசியில் எடுத்துக்கொள்வாள். நீங்கள் இனி நிம்மதியாகத் தூங்கலாம்.

துர்கா

*

சித்தேரிப்பட்டி,
22.2.2025

அன்பு மகள் துர்காவுக்கு. சுகம். உன் கை முள்ளுக்கு எருக்கம்பால் வைத்துப் பார்.

நீ போய்ச் சேர்ந்தது அறிந்து சந்தோஷம். சைக்கிளைப் பற்றி நீ எடுத்த முடிவு நல்ல முடிவு. நடந்ததை மறந்துவிடு. சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிட வந்துவிட்டுப் போ.

வேறு எழுத ஒன்றும் இல்லை.

அப்பா

*

சித்தேரிப்பட்டி,
20.3.2025

மகள் துர்காவுக்கு அப்பா எழுதுவது. அம்மா சுகமாக இருக்கிறாள். நான் சுகமாக இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

நீ சிவராத்திரிக்கு வரவில்லை. பஸ் நிறுத்தத்திலிருந்து நம் வீட்டுக்கு நடக்கப் பயமாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். நீ பிறந்து தவழ்ந்த ஊரில்.

இந்தக் கடிதத்தைப் பல முறை எழுதிக் கிழித்தேன். சுபத்ரா நோட்டு தீர்ந்துவிட்டதா என்று கேட்டது. எழுத்துத் தெரியாத காலத்தில் பொய் சொன்னால் அது காற்றோடு போயிற்று. போன கடிதத்தில் எழுத ஒன்றும் இல்லை என்று எழுதினேன். அது உன்னிடம் அப்படியே இருக்கிறது. எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த ரெண்டு பேரும் நம் ஆட்கள்.

உன் மாமன் சீனிச்சாமியும் அழகுராஜாவும். நான் அனுப்பினேன். துண்டால் முகத்தைக் கட்டச் சொன்னதும் லைட்டைப் போடாதே என்றதும் வேறு வண்டி வாங்கச் சொன்னதும் நான். பேர் சொல்லிக் கூப்பிடாதே என்றதும் நான்தான். அவன் மேல் கோபப்படாதே. ஒரே ஒரு முறை உன் பேரைச் சொல்லியிருந்தால் நீ வெளியே வந்திருப்பாய். அதைத் தடுத்து எழுதியது என் கை. உன் ஐப்பசி விஷயம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் செய்தேன். அதற்கு மருந்து என்று நினைத்து அதையே உனக்கு மறுபடி கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் உன் புள்ளி கண்மாய்ப் பக்கம் நின்றுவிட்டது. அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு, மஞ்சள் துணியில் காசு முடிந்தாள். "ஏங்க, பிள்ள தூங்குதாங்க, ஏதாச்சும் ஆயிருச்சாங்க" என்று என்னைக் கேட்டாள். தூங்குவாள் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். விடிந்து புள்ளி அசைந்ததும் அவள் அழுதாள். எனக்கு அழத் தகுதி இல்லை. நேற்று அவளிடம் சொன்னேன். "பொட்டப்பிள்ளைய பயமுறுத்தி வீட்டுல ஒக்கார வைக்க வெளியாளு வேணாம், நீங்களே போதும்" என்றாள்.

சைக்கிளை விற்கிறேன் என்று உன் கடிதம் வந்ததும் எனக்கு என்ன தோன்றியது என்பதையும் எழுதிவிடுகிறேன். அப்பாடா என்றிருந்தது. வாயை மூடிக்கொண்டால் போதும், நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிடும். நீ வீட்டுக்கும் வேலைக்குமாகப் பத்திரமாக இருப்பாய். கொஞ்ச நாள் நன்றாகக்கூடச் சாப்பிட்டேன். நடக்கப் பயந்து நீ வரவில்லை என்று கேட்ட அன்று சோற்றில் கை வைக்க முடியவில்லை.

விறகை அடுக்கி மண் பூசி மூட்டம் போட்டுத் தீ வைத்த பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பயமாகத்தான் இருக்கும். பயந்து நடுவில் திறந்து பார்த்தவனுக்குக் கரி கிடைக்காது, சாம்பல்தான். எனக்கு இது தெரியும். தெரிந்தும் திறந்துவிட்டேன்.

பந்தயக்காரர்களிடம் சொல்ல வேண்டும் என்றால் சொல்லிவிடு. உன் பேரை எடுத்துவிடுவார்களோ என்னவோ. தப்பு என்னுடையது என்று நான் எழுதித் தருகிறேன். சைக்கிளைக் கொடுப்பதும் வைத்துக்கொள்வதும் உன் இஷ்டம். அந்தக் காட்டில் உன்னைத் தேடி வந்தவர்களில் கெட்டவன் ஒருவனும் இல்லை என்பது மட்டும் உனக்குத் தெரிய வேண்டும்.

உக்கிரபாண்டி

*

கோயம்புத்தூர்,
13.4.2025

அப்பாவுக்கு,

அம்மாவோடு போனில் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். அதனால் நலம் விசாரிக்கவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மாமா குரலை நினைத்து நினைத்துப் பார்த்தேன். எனக்குக் காது குத்தும்போது அந்தக் குரல்தான், பயப்படாதே என்று சொன்னது. அதைக் கேட்டுத்தான் சைக்கிளைக் கட்டிக்கொண்டு நடுங்கினேன். உங்களுக்குப் பதில் எழுதக் கூடாது என்றே இருந்தேன்.

பந்தயக்காரர்களிடம் சொன்னேன். வீட்டார் பின்னால் வந்ததில் ஏதாவது உதவி கிடைத்ததா என்று கேட்டார்கள். உபத்திரவம்தான் கிடைத்தது என்றேன். சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேரை எடுக்கவில்லை.

இப்போதும் பின்னால் சத்தம் கேட்டால் கால் நின்றுவிடுகிறது. அறிவுக்குத் தெரிந்துவிட்டது, காலுக்குத் தெரிய நாளாகும். நேற்று பஸ்ஸிலிருந்து ஹாஸ்டல் வரைக்கும் நடந்தேன்.

பிரவீணாவிடம் சைக்கிள் கிடையாது என்று சொல்லிவிட்டேன். அடுத்த தையில் மறுபடி போகிறேன். அதே பாதை. அந்தக் கண்மாய்க்கரையில் சாயங்காலமாகத்தான் போவேன். எனக்குப் பின்னால் யாரும் வரக் கூடாது. தாய்மாமனும் ஆள்தான் அப்பா.

கோபம் தீரவில்லை. தீரும்போது எழுதுகிறேன்.

துர்கா

*

சித்தேரிப்பட்டி,
18.1.2026

அன்பு மகள் துர்காவுக்கு அப்பா. அம்மா சுகம். உன் மாமன் சுகம், பொங்கலுக்கு நீ அவனைக் கிண்டல் செய்ததை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். உன் கால் சுகம் என்று நீ நடந்து வந்ததிலேயே பார்த்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் வால்பாறையில் கிளம்புகிறாய். இந்த முறை நான் யாருக்கும் எழுதவில்லை. எழுதத் தெரிந்த கை சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இப்போது தெரிகிறது. மல்லாங்கிணற்றிலிருந்து நரிக்குடி வரை எனக்குத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று ராத்திரியெல்லாம் மனதில் ஓடுகிறது. ஒருவருக்கும் எழுதவில்லை.

திருச்சுழியில் நிற்பேன். நீ கண்மாய்ப் பக்கம் திரும்பியதும் வீட்டுக்கு வந்துவிடுவேன். அம்மா போனை நான் கேட்க மாட்டேன்.

பயமாகத்தான் இருக்கிறது. இதை எழுதும்போது வரி கோணிக்கொண்டு போகிறது, பார். அது வயதால் இல்லை.

போயிட்டு வா.

அப்பா